யாரும் உட்காராத சோபா

அம்பத்தூரில் சோபா மெத்தை தைக்கிற கடை என்னுடையது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெரிய ஆபீஸ் வேலை ஏதாவது வந்தால் எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் பயம் வந்துவிடும்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு மேடம் வந்தார். ஆட்கள் சாப்பிட்டு இளைப்பாற ஓர் அறை போடுகிறார்களாம். "நம்ம வீட்டு ஹால் மாதிரி இருக்கணும்ணே, ஆபீஸ்னே தெரியக் கூடாது" என்றார். இது சரியாக வந்தால் மற்ற மாடிகளும் எனக்கே என்றார்.

பூப்போட்ட துணியில் மூன்று சோபா செய்து இறக்கினேன். அப்புறமும் மனது அடங்கவில்லை. குண்டூசி ஏதாவது உள்ளேயே தங்கிவிட்டதோ? யார் தொடையிலாவது ஏறிவிட்டால்?

அடுத்த வாரமே மேடம் போன் செய்தார். "அண்ணே, பாக்க அழகா இருக்கு. ஆனா ஒருத்தரும் உக்கார மாட்டேங்கிறாங்க. எட்டிப் பாத்துட்டுப் போயிடுறாங்க. திங்கட்கிழமை எங்க பெரியவர் வர்றார். அப்பவும் இப்படியே காலியா கெடந்தா, எடுத்துட்டுப் போயிடுங்க."

ஓடினேன். மூன்றிலும் உட்கார்ந்து, எழுந்து, அழுத்திப் பார்த்தேன். ஊசியும் இல்லை, ஒரு குறையும் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. குறை இருந்தால் சரிசெய்துவிடலாமே.

நெமிலிச்சேரியில் இருக்கிற என் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் புலம்பினேன். அவளும் மகளும் டிவி முன்னால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிரித்துவிட்டாள்.

"நல்ல ஆளுய்யா நீ! நம்ம ஊட்ல சோபா மேல யாரு குந்துறா? துவைச்ச துணிதான் குந்தினு கீது. விருந்தாளி வந்தா அதைத் தள்ளிட்டு எடம் குடுப்போம். அவங்க இன்னா, ஆபீசுக்கு விருந்தாளியா?"

"நைனா, நீ எங்க குந்தினு கீறே, பாரு" என்றாள் மகள்.

பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் சோபா.

"சோபா கட்டை முதுகுல குத்துதுன்னு டெய்லி கத்துறியே, அதுக்கு ஒரு வழி பண்ணேன்" என்றாள் மனைவி.

சனிக்கிழமையே சோபாக்களைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். முன்பக்கப் பலகையில், கால் தொங்குகிற இடத்தில், கனமாகப் பஞ்சு வைக்கச் சொன்னேன். கடையில் கூட வேலை செய்கிறவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இன்னா மாமே, முட்டிக்கு மெத்தையா?"

"முதுகுக்குடா."

"உக்காராம இருக்கறதுக்கு ஒரு சோபா! நல்லா கீது மாமே, போர்டுல எழுதிப் போடு."

சோபாக்களுக்கு எதிரே தரையில் விரிக்க, சுவருக்குச் சுவர் தடித்த மெத்தை தைத்தோம். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கம்பெனியில் இறக்கிப் போட்டு, அந்த அறைக் கதவுக்கு வெளியே ஒரு செருப்பு ஸ்டாண்டு வைத்தோம். ஷூவோடு யார் வீட்டு ஹாலுக்குள் போவார்கள்?

திங்கட்கிழமை மதியம் தண்ணீர் கேன் பக்கத்தில் ஒளிந்த மாதிரி நின்றேன். முதலில் ஒரு பெண் வந்தாள். ஸ்டாண்டைப் பார்த்தாள், செருப்பை விட்டாள். மெத்தையில் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, சட்டென்று சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதுகைச் சோபாவில் சாய்த்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். அப்புறம் கும்பலாக வந்தார்கள். ஸ்டாண்டு போதாமல் செருப்புகள் வராந்தாவில் கல்யாண வீடு மாதிரி சிதறின.

பெரியவர் வந்தார். செருப்புக் கும்பலைப் பார்த்து நின்றார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவரோ குனிந்து, ஷூ கயிற்றை அவிழ்த்தார்.

"தள்ளி உக்காருங்கப்பா, எனக்கும் எடம் விடுங்க."

யாரோ அவர் பக்கம் எலுமிச்சை சாதத்தை நீட்டினார்கள்.

மேடம் என்னிடம் வந்தார். "அண்ணே, இப்ப ஒருத்தரும் எழுந்திரிக்க மாட்டேங்கிறாங்க! மேல் மாடிக்கும் இதேதான். இப்பவே அளவு எடுத்துடுங்க."

கயிறு அறுந்துவிடுமோ என்று லிஃப்டில் ஏறாதவன் நான். அன்று அளவு நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தப் பயம் நினைவுக்கு வருவதற்குள் லிஃப்டிலேயே மேல் மாடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன்.