ஜூனிப்பரும் ஈரக் கையும்

வாளியில் கையை நனைத்து ஒரு உதறு. மல்லிகைமேல் கொஞ்சம், சம்பங்கிமேல் கொஞ்சம், ரோஜாமேல் கொஞ்சம். பேசிக்கொண்டே உதறுவார், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டும் உதறுவார். சிம்பாங் அம்பாட்டில் ஹரிதாஸின் பூக்கடை வாசலில் நின்றவர் யாரும் சட்டையில் நாலு துளி படாமல் வீடு திரும்பியதில்லை. "பன்னீர்னு நெனச்சிக்குங்கலா, அண்ணே!" என்று சிரிப்பார்.

இந்தக் கைதான் ஒரு மரத்தைக் கொன்றது. டுரியான் துங்கால் நர்சரியில் ஆசை ஆசையாய் வாங்கி வந்த ஜூனிப்பர் கன்று அது. முழ உயரம்கூட இல்லாத ஊசியிலைச் செடி. கம்பி சுற்றி வளைத்து, கிளை கழித்து, சின்னத் தொட்டிக்குள்ளேயே அதை ஒரு கிழட்டு மலைமரமாக ஆக்கிவிட வேண்டும் என்று மனிதருக்குக் கனவு. கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். போக வர அதற்கும் ஒரு உதறு. பூவுக்குப் பிடித்த ஈரம் ஜூனிப்பருக்கு எமனாகி, வேர் அழுகிவிட்டது. கொடுமை என்னவென்றால், செத்த பிறகும் அது பச்சைப்பசேல் என்றே நின்றது. பாவம், விஷயம் தெரியாமல் பல வாரம் அதற்கு முடி திருத்திக்கொண்டிருந்தார்! கடைசியில் ஊசியெல்லாம் பழுப்பேறிக் கொட்டியபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"இந்தச் சாதி மரம் செத்தாலும் பச்சையாத்தான் இருக்கும், அண்ணே. நுனியில வெளிர்பச்சையா புதுத் துளிர் வந்தாத்தான் உசிரோட இருக்குனு அர்த்தம்," என்று சொல்லி, இரண்டாவது கன்றைக் கொடுத்தார் நர்சரிக்காரர் சுகுமாரன்.

அந்தக் கன்றை மனைவி புனிதா கடைக்குள்ளேயே விடவில்லை. பின் சந்தில், வெயில் படும் இடமாகப் பார்த்து, ஓர் இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி வைத்தார். "மண்ணு காஞ்சிருச்சானு வெரல விட்டுப் பாத்துட்டு நான் ஊத்துறேன். நீங்க வளைக்கிற வேலைய மட்டும் பாருங்க. ஈரக் கையோட உங்க சின்ன வீட்டுப் பக்கம் போனீங்க, அப்புறம் தெரியும்!" அந்த மரத்துக்குப் புனிதா வைத்த பெயரே சின்ன வீடுதான். யாராவது கேட்டுவிட்டால் ஹரிதாஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும், உள்ளுக்குள் பெருமையும்தான்.

தண்டு கொடிக்கம்பம் மாதிரி நேராக நின்றது. வளைக்கும்போது பட்டை உரியாமலிருக்க, மாலை கட்ட ஊறவைத்திருந்த வாழைநாரை எடுத்து அதில் இறுக்கிச் சுற்றினார் ஹரிதாஸ். மேலே தடித்த அலுமினியக் கம்பி. கையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டு கட்டைவிரல்களையும் கொடுத்து மெல்ல மெல்ல வளைத்தார். அழகாக வளைந்தது. இன்னும் கொஞ்சம் என்று ஆசை யாரை விட்டது? சடக்!

"அலாமாக்!" என்று அவர் போட்ட கூச்சலில் பக்கத்துக் கோப்பிக்கடைச் சீனர் எட்டிப் பார்த்தார். புனிதா ஓடி வந்தார். தண்டு முறியவில்லை, ஆனால் பிளந்திருந்தது. ஹரிதாஸ் பிளவின்மேல் நாரை இன்னும் இறுக்கிக் கட்டினார். "இதுவும் போச்சுனா இனி மரத்தையே தொட மாட்டேன், புனிதா," என்றார். புனிதா கேலி பேசவில்லை. தொட்டியைத் தூக்கி நிழலில் வைத்தார்.

அதன் பிறகு மரம் பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பச்சையை எப்படி நம்புவது? காலையில் கடை திறந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சந்துக்குப் போய் நுனி நுனியாகத் தேடுவார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புவார். அந்த வாரங்களில் கடையில் பாட்டும் இல்லை, சிரிப்பும் இல்லை. "ஒடம்பு சரியில்லயாலா?" என்று வாடிக்கையாளர்கள் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு முகூர்த்த ஞாயிறு. மாப்பிள்ளை வீட்டுக் கார் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மணமாலைக்குக் கடைசியாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார் ஹரிதாஸ். "என்னாங்க! எல்லாத்தையும் போட்டுட்டு இங்க வாங்க!" என்று சந்திலிருந்து புனிதா கத்தினார். போட்டது போட்டபடி ஓடினார். பிளவைத் தாண்டி, வளைவுக்கு மேலே, கிளைக்குக் கிளை வெளிர்பச்சையில் பொடிப்பொடியாகத் துளிர்கள்.

"பொழச்சிக்கிச்சுங்க! பாருங்க, பொழச்சிக்கிச்சு!" புனிதா அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

வாசலில் ஹாரன் இன்னும் பலமாக அலறியது. ஹரிதாஸின் காதில் அது விழவே இல்லை. விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோத்துக்கொண்டு, குனிந்து, மூக்கு துளிரில் படும் அளவுக்கு முகத்தைக் கொண்டுபோனார்.