ஆடு நக்கிய கோடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது கோல்தான். ஐலண்ட் ஹாக்கி அணிக்காரன் எவன் வந்து கேட்டாலும் இதையே சொல்வேன். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கோலைப் பற்றி இல்லை, முப்பிடாதியைப் பற்றி. அவளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தொடாமல் முடியாது. அதனால்தான் வயிற்றெரிச்சலோடு ஆரம்பிக்கிறேன்.

முப்பிடாதிக்குச் சங்கரன்கோவில் பக்கம். தாய் தகப்பன் போன பிறகு, பத்து வயதுத் தம்பி சங்கரலிங்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வந்தாள். கொச்சங்காடியில் ஒரு அரிசிக் கிட்டங்கியில் புடைக்கிற வேலை கிடைத்தது. கிட்டங்கியின் பின்சுவரை ஒட்டி ஓடு வேய்ந்த ஒற்றை அறை, அதுதான் வீடு. கல்யாணத்துக்கு யாரோ கேட்டு வந்தார்களாம். வருகிறவன் தம்பியை அடித்தால் என்ன செய்வது என்று பயந்து வேண்டாம் என்றுவிட்டாள்.

பயப்படுவதற்கு அவளுக்குக் காரணமே வேண்டாம். எர்ணாகுளத்துக்கு ஊரே போட்டில் போகும். அவள் மட்டும் தோப்பும்படிப் பாலம் சுற்றி பஸ்ஸில் போவாள், பாலம் வந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். காக்கி உடுப்பைக் கண்டால் உதறும், அது தபால்காரருடையதாக இருந்தாலும் சரி. நாலு ஆண்கள் சேர்ந்து உரக்கச் சிரித்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். இங்கே வந்த சில வருஷத்தில் 'பயம்' என்ற சொல்லே அவள் நாக்கிலிருந்து இறங்கிப்போய், அந்த இடத்தில் மலையாளத்துப் 'பேடி' ஏறி உட்கார்ந்துகொண்டது. மலையாளத்தில் பேடி என்றால் பயம், அவ்வளவுதான். தமிழில் அது கோழையைத் திட்டுகிற வார்த்தை. சங்கரலிங்கத்துக்கு மானம் போகும்.

"ஊர்ல போயி பேடி பேடின்னு சொல்லிராதக்கா. சிரிப்பாங்க."

"பேடிய வேற எப்படிலே சொல்லுறது?" என்பாள் அவள்.

பஜாரில் அவள் பெயரே பேடியக்கா என்றாகிவிட்டது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவள் கோபித்துக்கொண்டதில்லை.

அவள் பயப்படாத ஜீவன்கள் அவளுடைய நாலு ஆடுகள். மட்டாஞ்சேரி ஆடுகளுக்கு மேய்ச்சல் நிலம் கிடையாது. சாக்கிலிருந்து சிந்துகிற அரிசி, பழக்கடைத் தோல், கிழித்துப்போட்ட போஸ்டர், இவைதான் தீனி. லாரி வந்தால்கூட வழிவிடாத திமிர் அவற்றுக்கு. நாலில் செவலை பெரிய தீனிக்காரி. அந்தத் தை மாதம் அது சினையாக வேறு இருந்தது.

சங்கரலிங்கம் வளர்ந்து அதே கிட்டங்கியில் மூட்டை தூக்கினான். சாயங்காலம் எங்கள் பஜார் யூத் கிளப்பில் ஹாக்கி ஆடினான். வெறுங்கால்தான். பந்து அவன் மட்டையில் ஒட்டிக்கொண்டதென்றால் பிரிக்க ஆள் வேண்டும். மேட்ச் நடக்கிற நாளெல்லாம் முப்பிடாதி வருவாள், ஆனால் கூட்டத்தோடு நிற்க மாட்டாள். மைதானத்தின் ஒரு கோடியில், கோலுக்குப் பின்னால் கிட்டங்கி வளாகத்துச் சுவர், அதற்கு அப்பால் அவள் வீடு. அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள். கட்டையை வீசிக்கொண்டு ஓடுகிறான்களே, தம்பியின் காலை எவனாவது ஒடித்துவிட்டால் என்ற பேடி. பாதி ஆட்டத்தைச் சேலைத் தலைப்பு வழியாகத்தான் பார்ப்பாள்.

எழுபத்தெட்டு என்று நினைவு. பொங்கல் கழிந்த ஞாயிறு, ஃபைனல். எதிரி ஐலண்ட் லெவன், காயலுக்கு நடுவில் இருக்கிற தீவுக்காரர்கள். முந்தின வருஷம் சுண்ணாம்பில் கோடு போட்டு, வியர்த்த காலில் பட்டு எங்கள் பையன்களுக்குப் பாதம் வெந்துபோயிருந்தது. அதனால் இந்த முறை கமிட்டிக்காரர்கள் ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். கிட்டங்கியில் வண்டு விழுந்த குருணை ஒரு சாக்கு கிடந்தது. அதை அரைத்து, அரிசிமாவில் கோடு போட்டார்கள். அரிசி பஜார்க்காரனுக்கு வேறு என்ன தோன்றும்? பார்க்க அழகாகத்தான் இருந்தது. சுண்ணாம்பாக இருந்திருந்தால் ஆடு திரும்பிக்கூடப் பார்த்திருக்காது.

இடைவேளையில் எல்லோரும் சாயாவுக்கும் கடலைக்கும் ஓடினோம். அந்த நேரத்தில் சுவரின் உடைசல் வழியாகச் செவலை உள்ளே வந்தது. வந்தது நேராகக் கோட்டில் வாயை வைத்தது. முப்பிடாதி பார்த்துவிட்டாள். "ச்சூ, ச்சூ" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே விரட்டினாள். அது காதைக்கூட ஆட்டவில்லை. எழுந்து நாலு எட்டுப் போய் இழுத்து வந்திருக்கலாம். ஆனால் மைதானத்துக்குள் கால்வைக்க வேண்டும், மறுகோடிச் சாயாக்கடையில் அத்தனை ஆண்கள். அவளால் முடியவில்லை. செவலை பொறுமையாக ஒரு பக்கம் முழுவதையும் நக்கி முடித்து, கோரைப்புல் குத்து ஒன்றை மோந்து பார்த்து அதைத் தொடாமல் விட்டு, தானாக வெளியே வந்தது. அவள் அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் பாதி முழுக்க ஆட்டம் எங்கள் கோல் பக்கமே நடந்ததால் அந்தக் கோடியை யாரும் கவனிக்கவில்லை. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருந்தபோது நாங்கள் ஒன்றுக்கு இரண்டு என்று பின்தங்கியிருந்தோம். சங்கரலிங்கம் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு வலது பக்கமாக வந்து ஓங்கி அடித்தான். பந்து கோலுக்குள் விழுந்தது. நாங்கள் குதித்தது கப்பல் துறைக்கே கேட்டிருக்கும். அதற்குள் விசில். கோல் இல்லை என்று கை காட்டினார் அம்பயர் வைத்தீஸ்வரன்.

ஹாக்கி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோலைச் சுற்றி அரைவட்டமாக ஒரு கோடு இருக்கும், 'டி' என்போம். அதற்குள்ளிருந்து அடித்தால்தான் கோல். வெளியிலிருந்து அடித்தான் என்றார் வைத்தீஸ்வரன். அவர் மிளகுக் கம்பெனியில் டைப்பிஸ்ட், பாலக்காட்டுக்காரர், சோடாபுட்டிக் கண்ணாடி. விசில் வாயில் இல்லாத நேரத்தில் அவரைவிடச் சாதுவைப் பார்க்க முடியாது.

எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். கோட்டைக் காணோம். மற்ற இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது, பந்து அடிபட்ட இடத்தில் மட்டும் வெறும் மண். நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? அம்பயர் காலால் அழித்துவிட்டார், ஐலண்டுகாரனுக்கு விலைபோய்விட்டார் என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. எதிர்ப்பாதியைப் பார்த்துக்கொண்ட இன்னொரு அம்பயர், அது தன்னுடைய பாதி இல்லை என்று சொல்லிவிட்டு நழுவினார். ஐலண்டுகாரர்கள் கப்பைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினார்கள். மிஞ்சியது வைத்தீஸ்வரன். மண்கட்டி பறந்தது. யாரோ பிடித்துத் தள்ளியதில் கண்ணாடி எங்கேயோ விழுந்தது. ரோட்டுப் பக்கம் முழுக்கக் கூட்டம். அவர் சுவர் உடைசலுக்குள் நுழைந்து ஓடினார்.

அதற்குப் பிறகு நடந்ததை அவரும் முப்பிடாதியும் தனித்தனியாக எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். விசில் சத்தம் கேட்டதுமே முப்பிடாதி வீட்டுக்கு ஓடி, தலைப்பைத் தண்ணீரில் நனைத்துச் செவலையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாவு மூக்கில் அப்பியிருந்தது, போக மாட்டேன் என்றது. அப்போதுதான் திறந்திருந்த கதவு வழியாக ஒரு மனிதர் தடவிக்கொண்டு உள்ளே வந்து, கதவைச் சாத்தி, பக்கத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"யாராயிருந்தாலும் சத்தம் போடாதீங்கோ. அவா என்னெக் கொன்னுடுவா."

"நாந்தான் சாமி, முப்பிடாதி."

"சங்கரலிங்கத்தோட அக்காவா?" என்று கேட்டவர் அப்படியே முகத்தை மூடிக்கொண்டார். எந்த வீட்டில் வந்து மாட்டினோம் என்று புரிந்துவிட்டது. கண்ணாடி இல்லாததால் ஆடு அவருக்குச் செம்மண் நிறத்தில் ஒரு மங்கல், அவ்வளவுதான். அவள் தண்ணீர் கொடுத்தாள். செம்பு அவர் பல்லில் பட்டுக் கடகடவென்று அடித்தது.

வெளியே கூச்சல் கிட்டத்தில் வந்தது. கிட்டங்கிக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கட்டையால் தட்டிக்கொண்டு வந்தார்கள்.

"நேக்கு ஒண்ணு மாத்திரம் மனசிலாகல்லே," என்றார் அவர் மெதுவாக. "கோடு இருந்தது. நான் கண்டேன், பந்து வெளியிலேதான் இருந்தது. பின்னெ போய்ப் பார்த்தா கோடே இல்லே. அப்போ நான் எதைக் கண்டேன்? எல்லாரும் சொல்றாப்போல நானே காலால அழிச்சுட்டேனோ? எனக்கே தெரியாம?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த மனிதரின் மனசு நேராகிவிடும். ஆனால் அந்த வார்த்தை சுவர் தாண்டி வெளியே போனால்? ஆட்டை வெட்டிவிடுவார்கள், வீட்டைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள், தம்பி அவள் முகத்தில் விழிக்க மாட்டான். அவள் ஆட்டின் மூக்கை மறுபடி துடைக்கத் தொடங்கினாள். அவருக்குத் தன்மேலேயே சந்தேகம் இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கதவில் மட்டை இடித்தது. "சேச்சி, அயாள் அகத்துண்டோ?" என்று, அந்த ஆள் உள்ளே இருக்கிறானா எனக் கேட்டது ஒரு குரல். அதன் பின்னால் இன்னொரு குரல்.

"அக்கா, கதவைத் தெற. உள்ள இருந்தாம்னா வெளிய அனுப்பு. இன்னைக்கு அவன் காலை எடுக்காம நான் போவமாட்டேன்."

அந்தக் குரலில் அவளுக்குத் தெரிந்த தம்பி இல்லை. அவன் கையில் ரத்தம் படும், காக்கிச் சட்டை வரும், இத்தனை வருஷம் எதற்குப் பயந்தாளோ அது இதோ வாசலில் வந்து நிற்கிறது. ஆட்டுக்கான பயத்தையும் வீட்டுக்கான பயத்தையும் இந்தப் பயம் விழுங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒரு கையில் செவலையின் கயிற்றைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

வாசலில் ஐம்பது பேருக்குக் குறையாமல் இருந்தோம். அவள் ஆட்டை முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"கோட்டை அழிச்சது சாமி இல்ல. எங்க செவலை. நக்கித் தின்னுட்டுது."

கூட்டத்தில் எவனோ சிரித்தான். அம்பயரைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாள் என்றார்கள். சங்கரலிங்கம் அவளை விலக்கிக்கொண்டு உள்ளே பாயப் பார்த்தான். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"நம்பலன்னா வாங்க," என்றாள்.

ஆட்டை இழுத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். எங்களில் பாதிப்பேர் பின்னால் போனோம், மீதிப்பேர் அம்பயருக்குக் காவல். உடைசல் வழியாக வந்து, இடைவேளையில் தாண்ட முடியாத அந்த எல்லையைத் தாண்டி, மைதானத்துக்குள் கால்வைத்தாள். கோலுக்கு முன்னால் போய்க் கயிற்றை விட்டாள். செவலை எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. நேராக அரைவட்டத்தின் மிச்சக் கோட்டுக்குப் போய், விட்ட இடத்திலிருந்து நக்கத் தொடங்கியது.

பின்னாலிருந்து ஒருத்தன் மெல்லத் திட்டினான், ஆட்டையா கமிட்டியையா என்று தெரியவில்லை. காவலுக்கு நின்றவர்களும் வைத்தீஸ்வரனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சங்கரலிங்கம் மட்டையை ஊன்றிக்கொண்டு அக்காவின் முன்னால் வந்து நின்றான். "நீ பாத்துக்கிட்டா இருந்தே? எந்திரிச்சு வந்து வெரட்டுறதுக்கென்ன?"

"உள்ள வர பேடியா இருந்துச்சுலே."

அவன் அந்த வார்த்தைக்குக் கோபப்படவில்லை. வேறொன்று கேட்டான். "அப்போ கோடு எங்க இருந்துச்சுன்னு ஒனக்குத்தான் தெரியும். சொல்லு. நான் அடிச்சது உள்ளயா, வெளியவா?"

எல்லோரும் அவளைப் பார்த்தோம். உள்ளே என்று ஒரு சொல் சொன்னால் அவள் தம்பி ராஜா, நாங்கள் அவளைத் தோளில் தூக்கியிருப்போம். வைத்தீஸ்வரன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. மாவு பட்ட தலைப்போடு கையை நீட்டினாள்.

"அந்தக் கோரைக்குத்துக்கு இங்கிட்டுத்தான் கோடு. நீ அங்கிட்டு நின்னு அடிச்சே. வெளியதாம்லே."

சங்கரலிங்கம் கோரைக்குத்தைப் பார்த்தான். அவன் மட்டையைக் கீழே போட்டான். குனிந்து, மிதிபட்ட புல்லில் எதையோ தேட ஆரம்பித்தான். அது அம்பயரின் கண்ணாடி என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோல் அடித்தவனே குனிந்து கண்ணாடி தேடும்போது மற்றவன் யாரை அடிப்பது? ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கண்ணாடி ஒரு பக்கம் கீறலோடு கிடைத்தது. வைத்தீஸ்வரன் அதை மாட்டிக்கொண்டு முதலில் பார்த்தது செவலையைத்தான். "அப்போ கோடு இருந்திருக்கு," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. முப்பிடாதி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள், தம்பி கைத்தாங்கலாகக் கூட்டிப் போக வேண்டியிருந்தது.

அதனால் அவள் தைரியசாலி ஆகிவிட்டாள் என்று எண்ண வேண்டாம். அதற்குப் பிறகும் போட் ஏறவில்லை. தபால்காரரைக் கண்டு உதறுவதும் நிற்கவில்லை. சங்கரலிங்கத்துக்குக் கல்யாணம் ஆகி, செவலையின் குட்டிகளுக்குக் குட்டிகள் வந்த பிறகும் அவள் பேடியக்காதான்.

ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? இரண்டு மூன்று வருஷம் கழித்து, கிட்டங்கி வாசலில் அவள் புடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"நீ என்ன சொன்னாலும் அது கோல்தான் அக்கா. நான் கண்ணால பார்த்தேன்."

அவள் முறத்தை நிறுத்தினாள். "நீ எங்க தம்பி நின்னே?"

நான் நின்றது மைதானத்தின் மறுகோடியில், எதிர்க்கோலுக்குப் பின்னால், சாயாக்கடைப் பக்கம். அதை அவளிடம் சொல்ல எனக்குப் பேடியாக இருந்தது.