தொண்ணூற்றெட்டாம் வருடத்து பிளாக்

மெழுகை மிச்சம் பிடிப்பதில் எல்லப்பனை மிஞ்ச ஆள் கிடையாது. செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக டெக்னீஷியன். நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டி வரும் சதைத் துணுக்கை மெழுகில் புதைத்து, நம்பர் சீட்டையும் கூடவே பதித்து, பாதித் தீப்பெட்டி அளவுக்குக் கட்டியாக்குவார். அதற்கு பிளாக் என்று பெயர். அதைத் தலைமுடியை விட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போட்டுக் கொடுத்தால், புற்றா இல்லையா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார்.

2002-இல் மெழுகு வரத்து நின்றுபோனது. எல்லப்பன் பழைய பிளாக்குகளை அடுப்பில் உருக்கினார். துணுக்குகளைப் பொறுக்கி எரித்துவிட்டு, மெழுகை வடிகட்டி வேலையை ஓட்டினார். பழைய கண்ணாடிகளையும் ஊறவைத்துச் சுரண்டி மறுபடி எடுத்துக்கொண்டார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. தொண்ணூற்றெட்டு முடிய இருந்ததெல்லாம் போயிற்று. "எல்லப்பன் இல்லேன்னா லேபையே மூடியிருப்போம்" என்று பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னபோது, அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்தக் குவியலில் 417-உம் இருந்தது. அவர் மனைவி சம்பூர்ணத்தின் பிளாக்.

சம்பூர்ணத்துக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று என்று தெரிந்தது தொண்ணூற்றெட்டில். ஐந்து வாரம் கரண்ட் வைக்க வேண்டும், அதாவது கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றார்கள். தினமும் ரயிலேறிச் சென்னைக்குப் போய்வந்தாள். மூன்றாவது வாரத்தில் மகள் சுஜாதாவுக்கு வளைகாப்பு வந்தது. மாப்பிள்ளை வீடு புதுப்பட்டினத்தில். நோய் விஷயத்தைச் சம்பந்தி வீட்டாருக்குச் சொல்லாமலே வைத்திருந்தார்கள்.

"கரண்ட்டு எங்கியும் ஓடிப் பூடாதுய்யா. நான் போய் நிக்காம இன்னா வளைகாப்பு?" என்றாள் சம்பூர்ணம்.

"ஒரு நாள்கூட வுடக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாரே."

"பெத்தவ எங்கன்னு சம்பந்தியம்மா கேட்டா, உன் டாக்டரு வந்து பதில் சொல்லுவாரா? வாயப் பொத்திகினு துணிய மடி."

மூன்று நாள் விட்டுப்போயிற்று. கரண்ட் வைக்காத சனி ஞாயிறையும் சேர்த்து ஐந்து நாள்.

மறு வருடம் புற்று அதே இடத்தில் திரும்பி வந்தது. அந்தத் துணுக்கையும் எல்லப்பன்தான் பிளாக் போட்டார். வீட்டுக்கு வந்து, கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த சுஜாதாவின் எதிரிலேயே கத்தினார்.

"அந்த மூணு நாளுலதாண்டி கெடுத்துகின. ஊருக்குப் பயந்து உசுர வுட்டுகினு கீற."

எதற்கும் எதிர்ப்பேச்சு வைத்திருக்கும் சம்பூர்ணம் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. எட்டு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் சுஜாதா திவசத்துக்கு மட்டும் வருவாள், சாப்பிட்ட இலை எடுப்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பாள்.

2009-இல் மீரா என்ற ஆராய்ச்சி மாணவி ஆய்வகத்துக்கு வந்தாள். கரண்ட் வைத்தும் புற்று திரும்பி வந்த பெண்களின் பிளாக்குகள் அவளுக்கு ஜோடி ஜோடியாக வேண்டும். முதலில் எடுத்தது ஒன்று, திரும்பியபின் எடுத்தது ஒன்று.

"எதுக்கு மேடம்?"

"கரு உண்டான புதுசுல இருக்கற செல்லுக்கு, நீ தோலாவோ எலும்பாவோ ஆக வேண்டாம், பெருகினா போதும்னு கட்டளை போடற புரதங்கள் உண்டு சார். சாக்ஸ்-2, ஆக்ட்-4னு பேரு. வளர்ந்த உடம்புல பெரும்பாலான செல்லுல அது அடங்கிடும். சில கர்ப்பப்பை வாய்ப் புத்துல மறுபடி தலைதூக்குது. கரண்ட்டுக்குத் தப்பிச்சு, அப்புறம் முளைக்கறது அந்த மாதிரி செல்தானோன்னு எனக்குச் சந்தேகம்."

எல்லப்பன் தொண்ணூற்றொன்பதாம் வருடப் பெட்டியைத் திறந்து சம்பூர்ணத்தின் இரண்டாவது பிளாக்கை எடுத்தார். அவரே சீவினார். மீரா கொடுத்த மருந்துகளை வரிசையாக ஊற்றினார். சாக்ஸ்-2 இருக்கும் செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும் என்று அவள் சொல்லியிருந்தாள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார். கொத்துக் கொத்தாகப் பழுப்பு.

"இது மொதல்லயே இருந்துச்சா, இல்ல கரண்ட்டு வெச்சப்பறம் வந்துச்சா?"

"இதை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது சார். முதல் பிளாக்லயும் பழுப்பு வந்தா, ஆரம்பத்துலேயே இருந்ததுன்னு சொல்லலாம்."

"இருந்துச்சுன்னா, நடுவுல மூணு நாளு வுட்டது…"

மீரா அவர் முகத்தைப் பார்த்தாள். யாருடைய பிளாக் என்று அவளுக்கு இப்போது புரிந்தது. "நாள் விட்டா கெடுதல்தான் சார், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதனாலதான் திரும்பிச்சுன்னு ஒருத்தரைப் பத்தி அடிச்சுச் சொல்ல முடியாது. முதல்லயே இது இருந்திருந்தா, நாள் விடாம போயிருந்தாலும் திரும்பியிருக்கலாம். அந்த பிளாக்கை எடுங்க, பார்ப்போம்."

"உருக்கிட்டேன்."

"தெரியாமதானே சார்…"

தெரியாமல் இல்லை. 417 என்ற சீட்டைப் படித்துவிட்டு, கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் அடுப்பிலிருந்த பாத்திரத்தில் போட்டார். நீயாகக் கெடுத்துக்கொண்டதுதானே என்ற கோபம் அவள் செத்து இரண்டு வருடமாகியும் ஆறியிருக்கவில்லை. மீராவிடம் அதைச் சொல்லாமல் பெட்டியை மூடி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை புதுப்பட்டினத்துக்கு பஸ் ஏறினார். சுஜாதா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, திடீர்னு? ஒடம்பு ஏதாச்சும்…?"

எல்லாவற்றையும் சொன்னார். பழுப்பு நிறத்தைச் சொன்னார், அடுப்பில் போட்டதையும் மறைக்காமல் சொன்னார். "நாளு வுட்டதால வந்துச்சா, இல்ல எப்பிடியும் வந்திருக்குமா, எனக்குத் தெரிலம்மா. இனிமே யாருக்கும் தெரியாது."

சுஜாதா கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"தெரிலன்ற இந்த வார்த்தைய அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல? நீ லேப்ல கீறவன், உனக்குத் தெரியும்னு நம்பிகினே செத்துச்சு அம்மா. கடைசி வாரத்துல என் கையப் புடிச்சிகினு, 'உன் வளைகாப்புக்கு வந்தது தப்புதாண்டி'ன்னுச்சு."

எல்லப்பன் தலைகுனிந்து நின்றார். உட்காரச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. அவரும் உட்காரவில்லை.