அண்ணன் பேசாத பேச்சு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்குக் கட்டுரை எழுதும் பொறுப்பைத் தங்கை என்ற முறையில் என்னிடம் கொடுத்தார்கள். நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள். முயன்று பார்த்தேன், முடியவில்லை.

அண்ணன் குண்டடத்தில் பிறந்தார். அருள்புரத்தில் அப்பா பனியனில் படம் அச்சடிக்கும் பட்டறை வைத்தபோது, டிசைன் போடும் கம்ப்யூட்டர் அண்ணன் கைக்கு வந்தது. பெரிய படத்தைத் திறந்தாலே அது நின்றுவிடும். கோவையில் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்து மாட்டினார். அரைநாள் வேலை டீ ஆறுவதற்குள் முடிந்தது. அதற்குள் இருக்கும் சிப் எப்படி இதைச் செய்கிறது என்ற கேள்வியோடே இன்ஜினியரிங் படித்து முடித்தார். அப்படிப்பட்ட சிப் செய்யும் கம்பெனி ஒன்றில், அதன் பெங்களூர் அலுவலகம் ஒரே மாடியில் அடங்கியிருந்த காலத்தில், வேலைக்குச் சேர்ந்தார்.

"வெளாட்டுச் சாமான் செய்யற கம்பெனிக்குப் போறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று பெரியப்பா அப்பாவிடம் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. வந்த இரண்டு சம்பந்தங்கள் அவர் வாயால்தான் முறிந்தன. அண்ணன் கடைசிவரை மணமுடிக்கவில்லை.

பிறகு அந்தக் கம்பெனி வளர்ந்தது. வீடியோ விளையாட்டுக்குச் செய்த அதே சிப்தான் கம்ப்யூட்டரைப் பேசவும் எழுதவும் வைக்கிறது என்று ஆனதும், ஒரு மாடி பல கட்டடங்களாயிற்று. பெயர் தினமும் செய்தியில் வந்தது. பெரியப்பா தம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயருக்குக் கீழே கம்பெனி பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டு போய் மொய் எழுதிவிட்டு வந்தார்.

தொண்டையில் புற்றுநோய் வந்து அண்ணனின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பின் சிலேட்டில் எழுதித்தான் காட்டுவார். பார்க்க வந்த சொந்தங்கள் பழப்பையைக் கீழே வைப்பதற்கு முன் தங்கள் மகனுடைய பயோடேட்டாவை நீட்டினார்கள். "கம்பெனில ஒரு வார்த்தை சொல்லி உடுங்க மாப்ளே" என்றார் ஒருவர், பேச முடியாதவரிடம்.

கருமாதியன்று மண்டபத்தில் பெரியப்பா மகன் ஒரு வீடியோ போட்டான். தன் வீட்டுப் பழைய கல்யாண வீடியோவிலிருந்து அண்ணன் குரலை எடுத்து ஏஐயில் செய்தானாம். திரையில் அண்ணன் தோன்றி, "என்னைப் படிக்க வைத்து ஆளாக்கிய பெரியப்பாவுக்கு என் நன்றி" என்று மேடைத் தமிழில் பேசினார். பெரியப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆயுள் முழுக்க அண்ணன் உழைத்த வேலையை வைத்தே அண்ணன் வாயில் பொய்யைத் திணித்துவிட்டார்கள். இதைவிட அருவருப்பான ஒன்றை நான் பார்த்ததில்லை. இந்த மலர் பெரியப்பா கைக்கும் போகும். போகட்டும்.

நிறுத்தச் சொல்லி எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

"நிறுத்தாத கண்ணு."

"அது அண்ணன் இல்லீங்கம்மா. அத்தனையும் பொய்யிங்க."

"பொய்யின்னு எனக்குத் தெரியாதா? எம் பையங் கொரலக் கேட்டு எத்தன நாளாச்சு."

கடைசி மாதங்களில் அண்ணனைக் குளிப்பாட்டித் தூக்கிப் படுக்க வைத்த எங்கள் பட்டறையின் ஒடிசாத் தம்பிகள் இருவருக்கும், முகம் சுளிக்காமல் வந்து போன பல்லடத்து நர்ஸ் அக்காவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பெரியப்பா மகனுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் அந்த வீடியோவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டுகிறவள் நான்தான். பெரியப்பாவுக்கு நன்றி சொல்லும் இடம் வரும்போது மட்டும் சத்தத்தை அணைத்துவிடுகிறேன்.