ரீப்ளேயின் கால்

அந்த டயர் கடைக்காரனின் சொந்தப் பெயர் கடை உரிமத்தில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவன் ரீப்ளே. உள்ளூர் கால்பந்து லீக் ஆட்டங்களைப் படம் பிடிக்க ஒரே ஒரு கேமரா. அதுவும் முக்கியமான நேரத்தில் மேகத்தையோ மைதானத்து நாயையோ காட்டிக்கொண்டிருக்கும். ரெஃப்ரீ சொன்னது சரியா தப்பா என்று திரும்பப் பார்க்க வழியே இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இவன் திங்கட்கிழமைதோறும் காலையில் கடையைப் பாதி மூடிவிட்டு, சனிக்கிழமை ஆட்டத்தைத் திரும்ப நடித்துக் காட்டுவான்.

பாதி இறக்கிய ஷட்டருக்கு உள்ளே, சிமெண்ட் தரையில் சாக்பீஸால் பெனால்டி பாக்ஸ் வரைவான். பழைய லாரி டயர்கள்தான் தடுப்பாட்டக்காரர்கள். பக்கத்துக் கடை டெய்லர் ரெஃப்ரீ. கழுத்தில் அளவு டேப்போடு ஒரு விசிலும் தொங்கும். ரீப்ளேக்கு எப்போதும் வெளிநாட்டு ஆட்டக்காரன் வேஷம். யாராவது ஒரு விரலால் தொட்டால் போதும், மூன்று உருளல் உருண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, "ஐயோ அம்மா, என் காலு போச்சே!" என்று அலறுவான். கூடியிருக்கும் இருபது முப்பது பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். டெய்லர் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணித் துண்டு ஒன்றை உருவி அவன் மூக்குக்கு நேரே நீட்டி, "நடிப்புக்கு மஞ்சள் அட்டை!" என்பார். இது ஏழெட்டு வருஷமாக நடக்கிறது.

சிரிப்பெல்லாம் திங்கட்கிழமைக்குத்தான். சனிக்கிழமை ஆட்டத்தன்று அவன் வேறு ஆள். எதிரணிக்குக் கை தட்டிய பஸ் கண்டக்டரின் முன்பல் இரண்டு இவன் கணக்கில்தான் போனது. இன்னொரு முறை கேலரியில் பின்வரிசைக்காரன் ஒருவனைக் காலரைப் பிடித்து முன்வரிசைக்கு இழுத்துப் போட்டான். அவன் மூன்று மாதம் கழுத்துப்பட்டை மாட்டித் திரிந்தான். வீட்டில் டிவி இருக்கும் அறையில் எவர்சில்வர் எதுவும் கிடையாது. எல்லாம் பிளாஸ்டிக். சுவரில் தட்டு பட்டுப் பட்டுச் சுண்ணாம்பு உதிர்ந்த பிறகு அவன் மனைவி செய்த ஏற்பாடு அது. "மாடு கூட முட்டறதுக்கு முன்னாடி தலையைக் குனியும். இவருக்கு அது கூடக் கிடையாது" என்பாள்.

அவனுக்கு இரண்டு விஷயங்கள் ஆகாது. ஒன்று ரெஃப்ரீ. "மூணு நாள் பயிற்சி, ஒரு கறுப்புச் சட்டை, ஒரு விசில். அவ்ளோதான்டா தகுதி! பஞ்சர் ஒட்டறதுக்கே நான் ரெண்டு வருஷம் கத்துக்கிட்டேன்" என்பான். இன்னொன்று வெளிநாட்டு ஆட்டக்காரர்கள். ஒவ்வொரு அணியிலும் மூன்று பேர் வெளியே இருந்து வரலாம் என்று லீக் சட்டம் போட்ட நாள் முதல் அவன் வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஏனென்றால் அவன் மச்சினன் ஒரு தடுப்பாட்டக்காரன். சட்டம் வந்த அன்றே அவன் இடம் பறிபோனது. ஏழு வருஷம் பெஞ்சைத் தேய்த்த பிறகு, போன சீசனில்தான் திரும்பக் களத்தில் இறங்கினான்.

மச்சினன் என்று சொன்னாலும் வளர்த்த பிள்ளை மாதிரி. மனைவியின் அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர, பத்து வயசுத் தம்பி அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தான். அவனுக்கு முதல் பூட்ஸ் வாங்கித் தந்தவன் ரீப்ளே. டயரை வரிசையாக நிறுத்தி அதற்கு நடுவே ஓடப் பழக்கியவனும் அவன்தான். இவ்வளவு முரடனுக்கு அந்தப் பையன் மேல் அப்படி ஒரு பாசம். அவனைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துச் சொன்னால் கை தானாக நீளும்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. முடிய ஏழு நிமிஷம். எதிரணியின் வெளிநாட்டுக்காரன், நெட்டையன், பந்தோடு பெனால்டி பாக்ஸுக்குள் நுழைந்தான். பக்கவாட்டிலிருந்து மச்சினன் சறுக்கி வந்தான். நெட்டையன் விழுந்தான். விசில். பெனால்டி. மச்சினனுக்குச் சிவப்பு அட்டை. அதன் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. வேலியைப் பிடுங்கினார்கள், நாற்காலி பறந்தது, தண்ணீர் பாட்டில் பறந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு சக்கர நட்டு ரெஃப்ரீயின் நெற்றியைப் பிளந்தது. மனிதர் முகமெல்லாம் ரத்தத்தோடு, விசிலைக் கடித்தபடியே ஓடினார். நெட்டையனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்போது கூட நம்மவர்கள் அவன் மேல் துப்பினார்கள்.

எங்கிருந்தோ என்றா சொன்னேன்? டயர் கடைக்காரனின் பையிலிருந்துதான். முதல் பாதியிலேயே ரெஃப்ரீ மேல் அவனுக்குக் கோபம். இரண்டு நட்டுகளை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். அதில் ஒன்று கீழே விழுந்தது. அதைத் தேடி அவன் பெஞ்சுக்கு அடியில் குனிந்த நேரத்தில்தான் மைதானத்தில் அது நடந்தது. நிமிர்ந்தபோது நெட்டையன் தரையில் கிடந்தான், விசில் ஊதிக்கொண்டிருந்தது. ரீப்ளே என்று பெயர் வாங்கியவன் நடந்ததைப் பார்க்கவே இல்லை! ஆனால் கோல் கம்பத்துக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தவன் அவன்தான். எல்லோரும் அவனிடம்தான் கேட்டார்கள். "கால் படவே இல்ல. நடிச்சான்" என்று அவன் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது பார்த்தது போல ஆகிவிட்டது.

மச்சினனை ஆயுள் முழுக்கத் தடை செய்யலாமா என்று லீக் வியாழக்கிழமை விசாரிப்பதாக அறிவித்தது. ரசிகர் மன்றம் ஒரு மனு எழுதியது. முதல் கையெழுத்து ரீப்ளேயுடையது: "என் இரண்டு கண்ணால் பார்த்தேன், கால் படவில்லை." அதன் கீழே இருநூறு பேர்.

ஞாயிற்றுக்கிழமை, அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் பைக் டயருக்குக் காற்றடிக்க வந்தார். அவரும் நம் அணிதான், சாது மனிதர்.

"தம்பி, அந்த நெட்டையனுக்குப் படம் எடுத்ததே நான்தான். முழங்காலுக்குக் கீழ எலும்பு ரெண்டா கிடக்குது" என்றார்.

"யாரு காசு கொடுத்தா உங்களுக்கு, அப்படிச் சொல்லச் சொல்லி?"

"யாரு கொடுக்கணும்? ரெஃப்ரீ ஆயிரம் தப்பு பண்ணுவாரு, எனக்குத் தெரியாதா? இந்த ஒண்ணு சரி. இந்த வெளிநாட்டுக்காரங்க வந்த பிறகுதான் நம்ம பசங்களுக்கு ஒழுங்கா பாஸ் கொடுக்கவே தெரிஞ்சுது. எல்லாரையும் நடிகன்னு சொன்னா எப்படி?"

பேச்சு முடியவில்லை, அறை விழுந்தது. அடுத்தது குத்து. எக்ஸ்ரேக்காரர் பைக்கோடு சாய்ந்தார். உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் ஒழுகியது. டெய்லரும் இன்னும் இரண்டு பேரும் ஓடி வந்து, யாரை விலக்குகிறோம் என்று தெரியாமல், விழுந்தவரை ஆளுக்கு ஒரு மிதி மிதித்தார்கள். உள்ளே டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்த மச்சினன் எழுந்திருக்கவில்லை. சனிக்கிழமையிலிருந்தே அவன் வாயைத் திறக்கவில்லை. அவமானத்தில் இருக்கிறான் என்று ரீப்ளே நினைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை கடையில் நிற்க இடமில்லை. இந்த முறை விளையாட்டு இல்லை. நடந்ததை அப்படியே நடத்தி, செல்போனில் படம் பிடித்து, விசாரணைக் குழுவிடம் காட்டுவதாகத் திட்டம். மச்சினனே சறுக்கி வருவான், ரீப்ளே நெட்டையனாகி, கால் படாமலே விழுந்து காட்டுவான்.

"வேணாம் மாமா" என்றான் மச்சினன்.

"பூட்ஸ் மாட்டுடா."

"சிமெண்ட் தரை மாமா. வேற யாராவது செய்யட்டும்."

"உன் பேரைக் காப்பாத்தத்தான்டா இத்தனை பேர் வேலையை விட்டுட்டு நிக்கறாங்க. அன்னைக்கு எவ்ளோ வேகமா வந்தியோ அவ்ளோ வேகமா வரணும். கொஞ்சம் குறைச்சாலும், அந்த ரெஃப்ரீ சொன்னதுதான் உண்மைன்னு ஆயிடும்."

மச்சினன் இரண்டு முறை ஓடி வந்தான். இரண்டு முறையும் கிட்டே வந்ததும் காலை மடக்கிக்கொண்டான். கூட்டம் ஊளையிட்டது. ரீப்ளேக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எல்லோர் முன்னாலும் அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தான். "பொட்டப் பயலே! இதுக்காடா உன்னை வளர்த்தேன்?"

மச்சினன் முகம் மாறியது. கம்ப்ரெசர் நிற்கும் மூலை வரை பின்னால் போனான். அங்கிருந்து வந்தான். மூன்று நாளாக அடக்கியதெல்லாம் அந்தக் காலில் இருந்தது. பூட்ஸின் அடிப்பக்கம் நேராக ரீப்ளேயின் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. சத்தம் கேட்டது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து முறிக்கிற அதே சத்தம்.

"ஐயோ அம்மா! என் காலு போச்சே!"

கடை அதிர்ந்தது, சிரிப்பில். விசில் அடித்தார்கள். "தலைவா, இதுவரை பண்ணதுல இதுதான்டா பெஸ்ட்!" டெய்லர் மஞ்சள் துணியை நீட்டினார். ரீப்ளே உருண்டான், வலியில் உருண்டான், ஆனால் அதே மூன்று உருளல்தான். "நெஜமாடா! நெஜமா உடைஞ்சு போச்சு!" என்று கத்தினான். அதற்கும் சிரித்தார்கள். வலிக்கென்று இருந்த சொல்லையெல்லாம் ஏழெட்டு வருஷத் திங்கட்கிழமைகளில் அவனே செலவழித்துத் தீர்த்திருந்தான். இப்போது சொல்லப் புதிதாக ஒரு சொல் இல்லை.

"எழுந்திரிப்பா, கேமரா ஓடுது. ஒண்ணும் ஆகலன்னு எழுந்து நின்னு காட்டணும்" என்று டெய்லர் ஒரு கையையும் இன்னொருவன் மறு கையையும் பிடித்துத் தூக்கி அவனை நிறுத்தினார்கள். உடல் பாரம் முழுவதும் அந்தக் காலில் இறங்கியது. பாதம் ஒரு பக்கம் திரும்ப, முட்டி வேறு பக்கம் போனது. அவன் கண் செருகியது. அப்போதும் இரண்டு பேர் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கையை எடுங்கடா!" மச்சினன் வீல் ஸ்பானரைத் தூக்கிவிட்டான். டெய்லரின் தோளில் ஒன்று, செல்போன் பிடித்தவனின் மணிக்கட்டில் ஒன்று. டெய்லர் டயர் அடுக்கோடு சரிந்தார். சிரிப்பு நின்றது. மச்சினன் ஸ்பானரை எறிந்துவிட்டு, மாமாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை போல ஏங்கி ஏங்கி அழுதான்.

எக்ஸ்ரே அறையில் அதே மனிதர்தான். உதட்டில் தையல், ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அந்த ஆளுக்குக் கோபம் வரும் என்றுதான் நான் நினைத்தேன், வரவில்லை. உடைந்த காலை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைப் போல எடுத்து மேஜையில் வைத்தார். படம் வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

ரீப்ளே கேட்டான், "அண்ணே, அவனோடதும் இப்படித்தானா?"

"அதே எடம் தம்பி."

மனைவி கால்மாட்டில் நின்றாள். மச்சினன் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"சத்தம் கேட்டுச்சு மாமா" என்றான். "அன்னைக்கும் இதே சத்தம். அவன் முறைச்சுப் பார்த்தான்னு கோபம். பந்து எங்க இருந்துச்சுன்னு கூட நான் பாக்கல. காலைத்தான் பார்த்தேன்."

"ஏன்டா சொல்லல?"

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க? நான் களத்தை விட்டு வெளிய வர்றதுக்குள்ள, கால் படவே இல்லன்னு நீங்க சொல்லிட்டீங்களே."

ரீப்ளே வாங்கிய எல்லா அடியையும்விட இது பலமாக விழுந்தது. "நான் பாக்கலடா. நட்டு தேடிக் குனிஞ்சிருந்தேன்" என்றான். மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே ரகம். நடுவுல அடி வாங்கறது மட்டும் ஊரான் வீட்டுப் பிள்ளை" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

புதன்கிழமை மன்றத்தார் மனுவோடு வார்டுக்கு வந்தார்கள். ரீப்ளே பேனா கேட்டு, தன் கையெழுத்தின் மேல் காகிதம் கிழிகிற வரை கோடு போட்டான். வியாழக்கிழமை மச்சினன் விசாரணையில் எழுந்து நின்று, தெரிந்தேதான் அடித்தேன் என்றான். ஆயுள் தடையில்லை, மூன்று வருஷம். இருபத்தெட்டு வயசுக்காரனுக்கு இரண்டும் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை கடை ஷட்டர் கல்லடி பட்டு நடுவில் மடங்கிக் கிடந்தது. அதன் மேல் யாரோ சாக்பீஸால் 'நடிகன்' என்று எழுதியிருந்தார்கள்.

நாலு மாதம் கழித்து, கம்பு ஊன்றிக்கொண்டு கடையைத் திறந்தான். மச்சினன் பஞ்சர் ஒட்டினான். திங்கட்கிழமைக் கூட்டம் இப்போது டெய்லர் கடையில். அந்த வீடியோவை அவர்கள் இன்னும் போட்டுப் பார்க்கிறார்கள். சிரிப்புச் சத்தம் சுவரைத் தாண்டி வரும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், எக்ஸ்ரே படத்தை எடுத்துக்கொண்டு அவன் நொண்டி நொண்டி அங்கே போனான்.

"பாருங்கடா. இது என் காலு. நெஜமாவே உடைஞ்சது."

டெய்லர் படத்தை வாங்கி, தையல் மிஷின் விளக்குக்கு நேரே பிடித்து, நிதானமாகப் பார்த்தார். பிறகு அவன் கம்பைப் பார்த்தார்.

"இது அந்த வெளிநாட்டுக்காரனோட படம்ப்பா. அந்த எக்ஸ்ரேக்காரன் உன்னை நல்லா ஏமாத்திட்டான்" என்று திருப்பிக் கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

ரீப்ளேயின் கை தானாகப் பைக்குள் போனது. நட்டு ஒன்று அகப்பட்டது. அதை விரலால் உருட்டியபடி டெய்லரின் நெற்றியைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். பிறகு கையை வெறுமனே வெளியே எடுத்து, படத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கம்பை ஊன்றித் திரும்பினான். பின்னால் யாரோ விசில் ஊதி, "பாருடா, நொண்டறதைக் கூட எவ்ளோ அழகா பண்றான்!" என்றார்கள்.