சுதாராணியின் சம்மதம்

அன்றைக்குச் சுதாராணி வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலே பெரிய அணியில் இடம் கிடைத்திருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஆசையே இல்லை, அதனால்தான் அப்படிச் செய்தாள் என்று பின்னால் சிலர் பேசினார்கள். அது பொய். அவளைப் போல ஆசைப்பட்டவளை நான் பார்த்ததில்லை.

செம்மநத்தத்துப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் பிறந்தவள். அவள் அப்பா சென்றாயன் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். அவருடைய தாத்தா காலத்தில் கீழேயிருந்து ஏறி வந்த குடும்பம். எஸ்டேட் லைன் வீடுதான் அவர்களுக்கு வீடு, வேலை இருக்கும்வரைதான் அதுவும். சென்றாயனுக்கு வருகிற மார்ச்சோடு வேலை முடிகிறது. பெரிய அணியில் சேர்ந்தால் தங்க ஃபிளாட் தருவார்கள், அப்பாவையும் கூட வைத்துக்கொள்ளலாம் என்று சுதாராணி என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள்! பாத்திரம் கழுவும்போது சொல்வாள், முழங்கால் பட்டை மாட்டும்போது சொல்வாள்.

அவள் ஆடுவது கபடி. ஏற்காட்டுக்கு மேலே ஒரு பழைய எஸ்டேட்டில் காபி காயவைக்கும் களத்துக்குத் தகரக் கூரை போட்டு, மேட் விரித்து, ஒரு கம்பெனி முகாம் நடத்துகிறது. பன்னிரண்டு பெண்கள். அவர்களுக்குச் சமைப்பது நான். கம்பெனிக்கு இரண்டு அணி. டிவியில் வருகிறதே, அது பெரிய அணி. எங்களுடையது அதற்குக் கீழே. இங்கே நன்றாக ஆடுகிறவர்களை மேலே எடுப்பார்கள். மற்றவர்கள் சின்னச் சின்ன ஊர்களில் ஆட வேண்டும். சீசனில் ஞாயிறுதோறும் ரிசார்ட் விருந்தாளிகளுக்கு முன்னாலும் ஆட வேண்டும். ஆடி முடித்து, விருந்தாளிகளோடு போட்டோவுக்கு நின்று, மேட்டைச் சுருட்டி வண்டியில் ஏற்றிவிட்டு வந்து சாப்பிடுவார்கள்.

போன மே மாதம் பதினோரு நாள் ஒரு நாள்கூட ஓய்வில்லை. பதினோராம் நாள் சாயங்காலம் ஆடிக்கொண்டிருந்த ரம்யாவின் முழங்கால் போய்விட்டது. அந்தச் சத்தம் அடுப்படியிலிருந்த எனக்குக் கேட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இனியாவது ஓய்வு கொடுங்கள் என்று கேட்டதற்கு, இவர்கள் தொழிலாளிகள் இல்லை, பயிற்சிக்கு வந்தவர்கள், தொழிலாளர் சட்டம் இவர்களுக்கு வராது என்று கம்பெனி சொன்னது.

சுதாராணி மறுநாள் ஷேர் ஜீப் பிடித்து மஞ்சக்குட்டைக்குப் போய் ஆண்டனி ராஜைப் பார்த்தாள். எஸ்டேட் தொழிலாளர் சங்கத்தில் முப்பது வருஷமாக இருப்பவர். அவர் வழி காட்ட, பெண்கள் சங்கம் வைத்தார்கள். சுதாராணி செயலாளர். சேலத்துத் தொழிலாளர் அலுவலகத்துக்கு மாதக்கணக்கில் ஏறி இறங்கி, கடைசியில் ஜெயித்தார்கள். இவர்களும் தொழிலாளிகள்தான், வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு, நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அதற்குத் தனிக் கூலி உண்டு என்று ஆயிற்று. முதல் ஞாயிறு ஓய்வில் பன்னிரண்டு பேரும் மதியம்வரை தூங்கினார்கள். நான் இரண்டு தரம் இட்லியைச் சூடு செய்தேன்.

அதற்குப் பிறகுதான் கம்பெனி விலக்குக் கேட்டது. அந்தச் சட்டம் இந்த ஆட்டக்காரர்களுக்கு வேண்டாம், சங்கத்தோடு நாங்களே ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறோம் என்று மனு. சங்கம் சம்மதித்தால் யோசிக்கலாம் என்று அலுவலகம் பதில் எழுதியது. எனக்கு இன்னும் ஆறவில்லை. சங்கம் இல்லாதபோது எவருடைய சம்மதத்தைக் காட்டி விலக்குக் கேட்பார்கள்? இந்தப் பிள்ளைகள் சங்கம் வைத்த பிறகுதான், அந்தச் சங்கத்தின் பெயராலேயே சட்டத்தைக் கழற்றிவிட ஒரு வழி பிறந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்ததும் மேனேஜர் பிரவீன் எல்லோரையும் மேட் மேல் உட்காரச் சொன்னார். பிரவீன் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். என் சாம்பாரைப் புகழ்ந்து சாப்பிடுகிறவர். அன்று போனை ஒரு ஸ்டூலில் சாய்த்து வைத்துவிட்டு ஒப்பந்தத்தை வாசித்தார்.

“வாரத்தில் ஏழு நாளும், எப்போது அழைத்தாலும் ஆட்டத்துக்கு வர வேண்டும்.”

“ஏழு நாளும், எப்பக் கூப்பிட்டாலும் வரணும்” என்றார்கள் பெண்கள்.

“பயிற்சி நேரத்துக்குக் கணக்கு இல்லை.”

“கணக்கு இல்லை.”

சுதாராணியும் சேர்ந்துதான் சொன்னாள். இது இந்த மலைப் பிள்ளைகளின் பழக்கம். எஸ்டேட்டில் சாயங்காலம் காபிப் பழம் எடை போடும்போது கணக்கெழுதும் ரைட்டர் எடையைச் சத்தமாகச் சொல்வார். மூட்டைக்காரி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் ஆத்தாளின் சேலையைப் பிடித்துக்கொண்டு எடைக் கொட்டகையில் நின்று வளர்ந்தவர்கள். ஒருவர் வாசித்தால் இவர்கள் நாக்கு தானாகத் திருப்பிச் சொல்லும். பாதி வாசித்ததும் மற்ற நான்கு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

வாசித்து முடித்ததும் பிரவீன் காகிதத்தையும் பேனாவையும் மேட்டின் நடுவில் வைத்தார். யாரும் குனியவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஆண்டனி ராஜ் கூப்பிட்டார். சுதாராணியின் முகம் மாறியதைப் பார்த்து ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

“என்ன கண்ணு பண்ணி வெச்சிருக்கீங்க? வாயாலயே சம்மதிச்சுட்டீங்களாமா? வீடியோவைச் சேலத்துல குடுத்துட்டாங்க. வெள்ளிக்கிழமை விசாரணை.”

“நாங்க எங்கீங்க சம்மதிச்சோம்?”

“ஒவ்வொண்ணையும் நீங்களே சொல்றீங்களேம்மா. நானே பாத்தேன்.”

பெண்கள் அன்று முழுக்க ஒருவரோடொருவர் சண்டை போட்டார்கள். யார் முதலில் திருப்பிச் சொன்னது என்று ஒரு சண்டை. போனைப் பார்த்தும் ஏன் சொல்லவில்லை என்று இன்னொன்று. ரம்யா மட்டும் காலை நீட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை மாலை பிரவீன் அடுப்படி வாசலுக்கு வந்து சுதாராணியைக் கூப்பிட்டார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என்னை அவர் ஆளாகவே எண்ணவில்லை.

“பெரிய அணி லிஸ்ட்ல உன் பேரு இருக்கு சுதா. திங்கக்கிழமை வேன் வருது.”

அவள் ஓரடி முன்னால் வந்தாள். “நெசமாவாங்க சார்?”

“நெசம்தான். நாளைக்கு நீ எதையும் ஒத்துக்க வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். வீடியோ போடுவாங்க. உங்க குரல்தானான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிட்டு உக்காந்துக்க. அவ்வளவுதான்.”

அவர் போன பிறகு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயத்தை எடுத்தாள். ஒன்றையே தோல் எது சதை எது என்று பாராமல் உரித்து உரித்து ஒன்றுமில்லாமல் ஆக்கினாள்.

“ஆயா, குரலு எங்களதுதானுங்களே. ஆமான்னு சொன்னாப் பொய்யில்லைங்களே?”

“பொய்யில்ல சாமி.”

“அப்பறமென்ன?”

போ என்று சொல்ல எனக்கு ஆசை. இரு என்று சொல்லவும் ஆசை. இரண்டையும் விழுங்கினேன்.

கவியா எங்கிருந்து கேட்டாளோ, கதவருகே நின்றாள். அணியிலேயே சின்னவள், சுதாராணியிடம் ஆட்டம் கற்றவள்.

“செயலாளரம்மாவுக்குச் சீட்டு கெடச்சுப் போச்சு. நாளைக்கு வாயில பூட்டுதான்.”

“போடி அந்தப் பக்கம்!” சுதாராணி வெங்காயத்தை வீசினாள். அது கவியாவின் தோளில் பட்டு உருண்டது. கவியா அதைப் பொறுக்கி, கழுவி, கூடையில் போட்டுவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை குப்பனூர் வழி பஸ்ஸில் மலை இறங்கினோம். எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு நானும் போனேன். ரம்யாவை ஒவ்வொரு வளைவிலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சுதாராணி தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தும் ஒருத்தியும் போய் உட்காரவில்லை.

சேலத்து அலுவலகத்தில் அதிகாரி ஒரு அம்மாள். கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்து வீடியோவைப் போட்டார். அந்தச் சின்ன அறையில் பன்னிரண்டு குரலும் “வரணும், வரணும்” என்று கேட்டபோது எனக்கே கூசியது.

“இது உங்க குரல்தானே?”

சுதாராணி எழுந்தாள். “ஆமாங்க மேடம்.”

பிரவீன் நாற்காலியில் சாய்ந்தார். அதிகாரி எழுதத் தொடங்கினார். சுதாராணி உட்காரவில்லை. ஆண்டனி ராஜ் எழப் பார்த்தார். அவள் கையை மட்டும் காட்டி உட்காரச் சொன்னாள்.

“இன்னும் ஏதாவது சொல்லணுமா?” என்றார் அதிகாரி.

“எடை போட்டா திருப்பிச் சொல்லுவோமுங்க மேடம்.”

“எந்த எடை?”

“காபிப் பழமுங்க. ரைட்டர் இருவத்திரெண்டுன்னா நாங்களும் இருவத்திரெண்டுன்னு சொல்லுவோம். காதுல உளுந்துச்சுன்னு அர்த்தமுங்க, ஒத்துக்கிட்டோம்னு இல்ல. ஒத்துக்கிட்டா நாங்களே மூட்டையத் தராசுலருந்து எறக்குவோம். ஒத்துக்கலைன்னா மூட்டை அங்கயே இருக்கும். எஸ்டேட் தொரையே வந்தாலும் அதத் தொட மாட்டாரு.”

“மேடம், இது கபடி முகாம். காபிக் கதையெல்லாம் எதுக்கு?” என்றார் பிரவீன்.

“வீடியோவைக் கடசிவரைக்கும் போடுங்க மேடம். காயிதத்த வெக்கறாரு. பன்னெண்டு பேர்ல ஒருத்தி எடுத்தாளான்னு பாருங்க.”

அதிகாரி போட்டுப் பார்த்தார். மேட்டின் நடுவில் காகிதம். சுற்றி இருபத்து நாலு கால். ஒரு கையும் நீளவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உங்க எஸ்டேட் வழக்கத்தை நான் உத்தரவுல எழுத முடியாதும்மா. வீடியோ ரெண்டு விதமாவும் இருக்கு. அதனால இப்ப நேரா கேக்கறேன். செயலாளர் நீங்கதானே? விலக்குக்குச் சங்கம் சம்மதிக்குதா, இல்லையா?”

அதுவரை அவள் பேசியது பழக்கத்தைப் பற்றி. இனி அவள் சொல்வது அவளுடையது. பிரவீன் குரலைத் தாழ்த்தினார்.

“சுதா, திங்கக்கிழமை. யோசிச்சுப் பேசு.”

அவள் யோசித்தாள். அவள் ரம்யாவையோ, கவியாவையோ, என்னையோ பார்க்கவில்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், எதிராளிகள் காலைப் பிடித்த பிறகும் நடுக்கோட்டைத் தொட நீளுவாளே, அந்த மாதிரி.

“இல்லீங்க.”

“முழுசா சொல்லுங்க. எழுதணும்.”

“ஞாயித்துக்கிழமை ஓய்வும், நேரக் கணக்கும் எங்களுக்கு வேணுமுங்க. அத விட்டுத் தரச் சங்கம் சம்மதிக்கல.”

அதிகாரி எழுதி முடித்து வாசித்தார்: “விலக்களிக்கச் சங்கம் சம்மதிக்கவில்லை.”

“சம்மதிக்கவில்லை” என்றார்கள் பின்னாலிருந்து பதினோரு பேர். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சுதாராணி மட்டும் சிரிக்கவில்லை. மேசையிலிருந்து தாளைத் தானே எடுத்து, வாசித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டாள். ‘ராணி’ கோடு தாண்டி இறங்கிவிட்டது.

மனு முடிந்துவிடவில்லை. கம்பெனி சென்னை மேலிடத்துக்கு எழுதியிருக்கிறதாம். முடிவு வரும்வரை ஞாயிறு ஞாயிறாகவே இருக்கும் என்றார் ஆண்டனி ராஜ்.

திங்கட்கிழமை வேன் வந்தது. லிஸ்டில் சுதாராணி பெயர் இல்லை, கவியா பெயர் இருந்தது. இவர்களைப் பிரிக்கத்தான் அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்வேன். இல்லை, அவள் நன்றாக ஆடுகிறாள் என்று பிரவீன் சொல்வார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். கவியா பையைத் தூக்காமல் களத்து ஓரத்தில் நின்று அழுதாள்.

“நாங் கேக்கலக்கா. அவுங்களே பேரப் போட்டுட்டாங்க. வேண்டாம்னு சொல்லிடட்டுமா?”

“சொல்லித்தான் பாரேன், கால ஒடிக்கறேன்” என்றாள் சுதாராணி. பையை எடுத்து வேனுக்குள் எறிந்தாள். “ஏறு. எடது மூலையில ஆடச் சொல்லுவாங்க, வலது கால முன்னால வெக்காத.”

“எம்மேல கோவமில்லையாக்கா?”

“கோவமில்லாமயா? நொம்பக் கோவம். எட்டு நாளைக்கு உங்கூடப் பேச மாட்டேன். ஒம்பதாம் நாளு போன் பண்ணு.”