எதுகைக்குள் ஒரு மச்சினன்

துறைமுகத்து மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று மட்டுமே போர்க்கப்பலைப் பார்த்தவன், கடற்படைக்கு விருத்தம் எழுதக் கிளம்பியது முட்டாள்தனம்தான். அதைவிடப் பெரிய முட்டாள்தனம், என் மனைவியின் தம்பியிடம், "மச்சான், பாட்டுல உன் படகு கீது" என்று முன்கூட்டியே உளறியது. ராயபுரத்தில் நடந்த குடியரசு தினக் கவியரங்கத்துக்கு அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டான். கடலுக்குப் போகிறவன், அன்று போகவில்லை.

பாட்டு இதுதான்:

அலைகளைக் கிழித்துப் பாயும் ஆயிரம் குண்டு தாங்கும்
மலையென நிமிர்ந்து நிற்கும் மாபெரும் கப்பல் வாழ்க
நிலையிலாக் கடலில் எங்கள் நிம்மதி காக்க நிற்பாய்
வலையொடு முன்னே போகும் மச்சினன் படகும் வாழ்க!

அறுசீர் விருத்தம். திருவொற்றியூர் பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியைத் தட்டித் தட்டிச் சரிபார்த்தது. கண்டக்டர் முறைத்ததுதான் மிச்சம். வகரத்துக்கு மகரம் மோனையாக வரும் என்பதால் மச்சினனும் சட்டப்படியே உள்ளே வந்தான். 'முன்னே' மட்டும், உண்மையைச் சொன்னால், காலியாகக் கிடந்த சீரை அடைக்க வைத்தது.

மேடையேறுமுன் கவியரங்கத் தலைவர் தாளை வாங்கிப் படித்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.

"கடற்படைப் பாட்டில் உங்கள் மச்சினன் எதற்கு? 'வெற்றியின் திலகம் ஆன வீரரின் கொடியும் வாழ்க' என்று மாற்றிப் படியுங்கள்."

"சீர் சரி, மோனையும் சரி ஐயா. ஆனா அலை, மலை, நிலைன்னு வந்துட்டு வெற்றின்னு திரும்புனா எதுகை கவுந்துடுமே?"

"நாட்டைவிட எதுகை பெரிதா?"

"எதுகைய வுடுங்க. அந்த நாட்டுலதான் எம் மச்சானும் கீறான்."

"அந்த அடியைப் படித்தால் மணியடிப்பேன்."

படித்தேன். அடித்தார். கவியரங்கத்தில் ஓரடியை இரண்டு முறை படிப்பது வழக்கம். மணியின் புண்ணியத்தில் நான் அதை நான்கு முறை படித்தேன், ஒவ்வொரு முறையும் மணியைவிடச் சத்தமாக. கடைசி முறை கூட்டமே கூடச் சேர்ந்து "படகும் வாழ்க" என்றது. தலைவர் மணியைக் கீழே வைத்துவிட்டார்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கி, நேராக முன்வரிசைக்குப் போனேன்.

"எப்படி மச்சான், உன் படகு?"

"கப்பலுக்கு முன்னாடி எவன் மாமா போவான்?"